வெள்ளைச் சீருடையும் பணிப்பகிஷ்கரிப்பும்

2022 பெப்ரவரி இரண்டாம் வாரத்தில் ஒருநாள் காலை உம்மாவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனேன். உம்மாவுக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம். வலது காலின் சிறுவிரலில் புண். ஒன்றுவிட்ட ஒருநாள் கழுவி மருந்து கட்ட வேண்டும். வாசலிலே வெள்ளைச் சீருடையோடு பத்துப் பதினைந்து தாதியர் சுலோக அட்டைகளைப் பிடித்தபடி நின்றார்கள். உள்ளே மருந்து கட்டும் அறை பூட்டிக் கிடந்தது. "அவசரம் எண்டா மட்டுந்தான் பாப்பாங்க. இது பழைய புண்தானே, ஸ்ட்ரைக் முடிய வாங்க" என்றார் அங்கு நின்ற ஊழியர்.

திரும்பி வரும்போது எனக்குக் கோபம் தாளவில்லை. வாசலில் நின்றவர்களில் ஒரு முகம் தெரிந்த முகமாக இருந்தது. ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளில் என்னிடம் வரலாறு படித்த பிள்ளை. அவளைக் கண்டதும் வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன்.

"நோயாளிகள வெச்சிக்கிட்டா மகள் சம்பளம் கேக்குற?"

அவள் அட்டையைக் கீழே இறக்கினாள். முதலில் உம்மாவின் காலைத்தான் பார்த்தாள். பிறகு மெல்லிய குரலில் சொன்னாள்: "சேர், போன வருசம் நீங்களும் மூணு மாசம் படிப்பிக்கல்லதானே. எங்கட தம்பி அப்ப ஓ லெவல்."

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. 2021 ஜூலை 12ஆம் திகதியிலிருந்து நாட்டின் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிக்கொண்டதும், 24 ஆண்டுகளாக இழுபட்ட ஆசிரியர் - அதிபர் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி ஒக்டோபர் பிற்பகுதி வரை நாங்கள் பாடசாலைக்குத் திரும்பாமலிருந்ததும் வாசகர்கள் அறிந்ததே. நானும் அதில் முழுமையாக ஈடுபட்டவன். கூட்டங்களில் பேசியவன். எங்கள் கோரிக்கை நியாயமானது என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குள் ஒரு சமாதானம் ஓடியது. நாங்கள் விட்ட பாடத்தைப் பிறகு படிப்பிக்கலாம், கட்டாமல் விட்ட புண்ணைப் பிறகு கட்ட முடியுமா என்பதே அந்தச் சமாதானம். அன்றைக்கு அது எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் 2021 இறுதியில் பாடசாலை திறந்தபோது என் வகுப்பில் மூன்று கதிரைகள் வெறுமையாக இருந்ததும், ஒருவன் கடலுக்கும் ஒருவன் கடைக்கும் போய்விட்டதும், மூன்றாமவளுக்குக் கலியாணம் பேசி முடித்துவிட்டதும் இரவிலே நினைவுக்கு வந்தன. அவர்களுக்கு விட்ட பாடத்தை நான் இன்னும் படிப்பிக்கவில்லை. கொவிட்டும் அதற்குக் காரணந்தான். எனினும் எங்கள் மூன்று மாதத்துக்கு அதில் பங்கில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

தாதியர் வேலைநிறுத்தம் செய்யலாமா என்ற கேள்வி எனக்கு இவ்வாறுதான் வந்தது. வரலாறு படிப்பிக்கிறவன் என்ற வகையில் இதற்கு முன் அவர்கள் என்ன செய்தார்கள், செய்யாமல் விட்டபோது என்ன நடந்தது என்று தேடத் தொடங்கினேன். தேடல் என்னைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோனது. அதற்கு இரண்டு காரணங்கள். நமது வைத்தியசாலைகளின் மேற்றன், சிஸ்டர், வார்ட் எல்லாமே அங்கிருந்து வந்தவை. மற்றது, அந்த மாணவியும் 2022 முடிவதற்குள் அங்கேதான் போய்ச் சேர்ந்தாள். அரசாங்கம் அவ்வாண்டு ஜூனில் அரச ஊழியர் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்தாண்டு வரை வெளிநாடு போகலாமென்று அனுமதித்தது. அவளைப் போல் எத்தனையோ பேர் போனார்கள்.

தாதி என்றதும் நமது பாடப்புத்தகங்களில் வருபவர் கைவிளக்கேந்திய புளோரன்ஸ் நைட்டிங்கேல். எங்கள் பக்கத்து மேடைகளில் அவருக்கு முன்னதாக, அகழ் யுத்தத்தின்போது காயப்பட்டோருக்குக் கூடாரத்தில் சிகிச்சையளித்த ருபைதா (ரலி) அவர்களின் பெயரும் சொல்லப்படும். இரண்டு கதைகளிலும் சம்பளம் என்ற பேச்சே கிடையாது. தியாகம், பரிவு, சேவை என்று பேசி முடித்துவிடுவோம். நானே தாதியர் தினத்துக்கு மாணவர்களுக்கு அப்படிப் பேச்சு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நைட்டிங்கேலின் வாழ்க்கையில் நமது பேச்சுகளில் வராத ஒரு செய்தி உண்டு. அவர் பெரும் செல்வந்தரின் மகள். 1853இல் தந்தை அவருக்கு ஆண்டுக்கு 500 பவுண் ஒதுக்கிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது ஒரு குடும்பம் வசதியாக வாழப் போதுமான பணம். அதே ஆண்டில் லண்டன் ஹார்லி வீதியிலிருந்த ஒரு சிறு வைத்தியசாலையின் பொறுப்பைச் சம்பளம் வாங்காமலே ஏற்றார். 1854 நவம்பரில் கிரைமியப் போரில் காயப்பட்டவர்களைக் கவனிக்க 38 பெண்களோடு இஸ்தான்புலின் ஸ்குட்டாரிக்கு, அதாவது இன்றைய உஸ்குதாருக்கு, போனபோதும் அவருக்குச் சம்பளம் ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. ஆனால் அவரோடு போனவர்களில் கூலிக்கு அமர்த்தப்பட்ட தாதியருக்குச் சம்பளம் பேசப்பட்டிருந்தது. அவர்களுடைய படம் நமது புத்தகங்களில் இல்லை. சம்பளம் தேவைப்படாத ஒரு பெண்மணியின் உருவத்தை வைத்து, சம்பளத்தில் வாழ வேண்டிய இலட்சக்கணக்கான பெண்களை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அளந்து வந்திருக்கிறோம். இதில் நைட்டிங்கேலின் குற்றம் எதுவும் இல்லை.

தாதியர் முதன்முதலாக முரண்டுபிடித்தது பெரிய வைத்தியசாலைகளிலல்ல, மனநோயாளர் விடுதிகளிலே. 1922 ஏப்ரலில் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமுக்கு அருகே ரட்கிளிஃப் என்ற இடத்தில் நடந்த சம்பவத்தை வாசித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. நிர்வாகம் சம்பளத்தைக் குறைத்து வேலை நேரத்தைக் கூட்டியது. அங்கிருந்த ஆண், பெண் தாதியர் வேலையை விட்டு வெளியே போகவில்லை. வார்ட்டுகளுக்குள்ளேயே கதவை அடைத்துக்கொண்டு நோயாளிகளோடு இருந்துவிட்டார்கள். பொலிசார் கதவை உடைத்து நுழைந்தபோது நோயாளிகளே தாதியர் பக்கம் நின்று அவர்களோடு மல்லுக்கட்டினர். இறுதியில் பொலிசாரே வென்றனர். தாதியர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். பைத்தியக்காரர்கள் என்று அடைத்து வைக்கப்பட்டவர்களுக்குத் தம்மைப் பராமரிப்பவர் யார் என்று தெரிந்திருந்தது.

அடுத்த தலைமுறைத் தாதியருக்கு அந்தத் துணிவு வரவில்லை. வந்தாலும் முகம் காட்ட முடியவில்லை. 1930களின் பிற்பகுதியில் வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்ற கோரிக்கையோடு லண்டன் தெருக்களில் ஊர்வலம் போன தாதியர் முகமூடி அணிந்து போனார்கள். அடையாளம் தெரிந்தால் மேற்றன் வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்ற பயம். 48 மணி நேரம் கேட்பதற்கு முகமூடி!

இதற்கு மறுபக்கத்தில், 1916இல் தொடங்கப்பட்ட தாதியர் கல்லூரி என்ற அமைப்பு, பின்னாளில் றோயல் தாதியர் கல்லூரி என்று பெயர்பெற்றது, வேலைநிறுத்தம் நமது தொழிலுக்கு ஆகாது என்ற கொள்கையில் உறுதியாக நின்றது. பெயர் கல்லூரியாயினும் காலப்போக்கில் அது பெரியதொரு தொழிற்சங்கமாகவும் ஆனது. அதன் யாப்பில் 12ஆம் விதி என்று ஒன்றிருந்தது. உறுப்பினர் எக்காரணங்கொண்டும் வேலைநிறுத்தத்தில் ஈடுபடலாகாது என்பதே அவ்விதி. 1995 வரை அது நீடித்தது.

வேலைநிறுத்தம் செய்ய மாட்டோம் என்று சத்தியம் செய்தவர்களுக்கு என்ன கிடைத்தது? என் தேடலின் மையக் கேள்வி இதுவாகவே ஆகிவிட்டது.

1974இல் பிரித்தானியத் தாதியரின் சம்பளம் மிகவும் பின்தங்கிப் போயிருந்தது. மற்றத் தொழிற்சங்கங்களைச் சேர்ந்த தாதியர் சில வைத்தியசாலைகளில் பகிஷ்கரிப்பில் இறங்கினர். றோயல் கல்லூரியோ தன் விதியை மீறவில்லை. மாறாக, அமைச்சர் பார்பரா காசிலிடம் போய், சுயாதீன விசாரணை வைக்காவிட்டால் எங்கள் உறுப்பினர்கள் அரச சேவையிலிருந்து கூட்டமாக விலகுவார்கள் என்று எச்சரித்தது. அதாவது, வேலைநிறுத்தம் செய்ய மாட்டோம், வேலையை விட்டே போய்விடுவோம் என்றார்கள். அரசாங்கம் ஹால்ஸ்பரி பிரபுவின் தலைமையில் குழுவொன்றை அமைத்தது. அக்குழு அவ்வாண்டு செப்டம்பரில் சராசரியாக 30 சதவீதம் வரையிலான உயர்வைப் பரிந்துரைத்தது. முப்பது சதவீத உயர்வு நியாயம் என்று ஒரு பிரபு சொல்லுமளவுக்கு அதுவரை அவர்களுக்குக் குறைவாகக் கொடுத்திருக்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

பணவீக்கம் அந்த உயர்வை விரைவிலேயே தின்று தீர்த்தது. 1982இல் சுகாதாரத் தொழிலாளர்கள் 12 சதவீதம் கேட்டு மாதக்கணக்கில் போராடினார்கள். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கூட ஆதரவாக வேலையை விட்டு வந்தனர். இந்தப் போராட்டத்துக்குப் பின், 1983இல், மார்கிரட் தட்சரின் அரசாங்கம் தாதியருக்கென்று தனியான சம்பள மீளாய்வுச் சபையை நிறுவியது. சுயாதீனமானவர்கள் ஆண்டுதோறும் கணக்குப் பார்த்து இவ்வளவு கொடுங்கள் என்று பரிந்துரைப்பார்கள், பதிலுக்கு நீங்கள் வேலைநிறுத்தம் செய்யக்கூடாது. ஏட்டில் இப்படி எழுதப்படாவிட்டாலும், பேரம் இதுதான் என்பதை இரு தரப்பும் விளங்கியிருந்தன.

இந்தப் பேரத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். நோயாளியையும் தாதியையும் ஒருசேரக் காக்கக்கூடிய ஏற்பாடு இதைவிட வேறு எது இருக்க முடியும் என்று முதலில் எனக்கும் தோன்றியது. சர்வதேசத் தொழில் தாபனமும் இந்த வழியைத்தான் காட்டுகிறது. வைத்தியசாலைச் சேவையில் வேலைநிறுத்த உரிமையை மட்டுப்படுத்தலாம், ஆனால் அப்படி மட்டுப்படுத்தினால் பக்கச்சார்பற்ற, விரைவான இணக்கமும் நடுத்தீர்ப்பும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. 1977இல் கொண்டுவரப்பட்ட தாதியர் பற்றிய 149ஆம் இலக்கச் சமவாயமும் பேச்சுவார்த்தை, மத்தியஸ்தம், விரும்பி ஏற்கும் நடுத்தீர்ப்பு என்பவற்றையே பேசுகிறது. ஒரு கையால் ஒன்றை எடுத்தால் மறுகையால் ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்ற கணக்கு இது.

பிரித்தானியாவில் எடுத்த கை நிலைத்தது, கொடுத்த கை தளர்ந்துபோனது. மீளாய்வுச் சபை பரிந்துரைக்கத்தான் முடியும். ஏற்பதும் தவிர்ப்பதும் தவணை முறையில் கொடுப்பதும் அரசாங்கத்தின் விருப்பம். 2011இலிருந்து இரண்டாண்டுகள் பெரும்பாலான அரச ஊழியரின் சம்பளம் உயர்வின்றி நிறுத்தப்பட்டது. அதன்பின் 2017 வரை ஆண்டுக்கு 1 சதவீதம் என்ற உச்சவரம்பு. அரசாங்கமே முன்கூட்டி ஒரு சதவீதம் என்று சொல்லிவிட்ட பிறகு மீளாய்வு செய்ய என்ன இருக்கிறது?

முதலில் பொறுமை இழந்தது வட அயர்லாந்து. அங்கே 2017 ஜனவரியிலிருந்து மாகாண ஆட்சியே இயங்கவில்லை. கட்சிகள் சண்டைபிடித்துப் பிரிந்துவிட்டன. தாதியரின் சம்பளம் இங்கிலாந்துத் தாதியரின் சம்பளத்திலும் குறைவாகப் போய்விட்டது. அதை உயர்த்துவதற்குக் கையெழுத்திட அமைச்சர் இல்லை. வெற்றிடங்கள் ஆயிரக்கணக்கில். 2019 டிசம்பர் 18ஆம் திகதி றோயல் கல்லூரியின் 103 ஆண்டு வரலாற்றில் முதலாவது வேலைநிறுத்தம் அங்கே நடந்தது. 2020 ஜனவரி 8ஆம், 10ஆம் திகதிகளிலும் தொடர்ந்தது. 11ஆம் திகதி மாகாண ஆட்சி மீண்டும் அமைந்தது. வந்த அமைச்சர் முதல் வேலைகளில் ஒன்றாகச் சம்பளச் சமநிலையை மீட்டுக்கொடுக்க உடன்பட்டார். ஆட்சி மீண்டதற்கு வேறு அரசியல் காரணங்களும் இருந்தன. ஆயினும் மூன்றாண்டுக் கடிதங்கள் செய்யாததை மூன்று நாட்கள் செய்தன என்று அங்குள்ள தாதியர் நினைத்தால் அதைத் தவறென்று சொல்ல முடியுமா?

பிறகு கொவிட் வந்தது. 2020 மார்ச் 26இலிருந்து பத்து வாரங்கள், ஒவ்வொரு வியாழக்கிழமையும் இரவு எட்டு மணிக்குப் பிரித்தானிய மக்கள் வாசலில் நின்று சுகாதார ஊழியருக்காகக் கைதட்டினார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் அரசாங்கம் தாதியருக்குப் பரிந்துரைத்த உயர்வு 1 சதவீதம். எதிர்ப்புக்குப் பின் அது 3 ஆனது. 2022இல் பெரும்பாலானோருக்கு ஆண்டுக்கு 1,400 பவுண் உயர்வு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் பணவீக்கம் 11.1 சதவீதம். 2022 டிசம்பர் 15ஆம், 20ஆம் திகதிகளில் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய மூன்றிலும் தாதியர் வெளியே வந்தனர்.

அங்கே புற்றுநோய்க்கான இரசாயனச் சிகிச்சை, இரத்தச் சுத்திகரிப்பு, தீவிர சிகிச்சைப் பிரிவு, பச்சிளங் குழந்தைகளின் பிரிவு போன்றவை வேலைநிறுத்தத்திலிருந்து விலக்களிக்கப்பட்டிருந்தன. யாரை விட்டுவைப்பது என்று வைத்தியசாலை நிர்வாகமும் சங்கமும் இருந்து பேசித் தீர்மானித்தன. இருந்தும் ஆயிரக்கணக்கான சத்திரசிகிச்சைகளும் கிளினிக்குகளும் பிற்போடப்பட்டன. அந்தக் கிளினிக் வரிசைகளில் என் உம்மாவைப் போன்றவர்களும் இருந்திருப்பார்கள்.

இவ்விடத்தில் என் கட்சிக்குப் பாதகமான ஒரு சான்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் 1984 முதல் 2004 வரை நடந்த தாதியர் வேலைநிறுத்தங்களை ஜொனதன் குரூபர், சாமுவேல் கிளைனர் என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2012இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். வேலைநிறுத்த நாட்களில் அனுமதிக்கப்பட்ட நோயாளிகள் வைத்தியசாலையில் மரணிப்பது ஏறத்தாழ 18 சதவீதத்தால் கூடியதாக அவர்கள் கண்டார்கள். பதில் தாதியரை வெளியிலிருந்து கொண்டுவந்து நிரப்பிய இடங்களிலும் நிலைமை மேம்பட்டதாகத் தெரியவில்லை. தாதியர் வேலைநிறுத்தத்தால் யாருக்கும் தீங்கு வராது என்று மேடையில் முழங்குவோர் இதை மறைத்துவிடக் கூடாது. உயிர் போகிறது. அதை ஒத்துக்கொண்ட பிறகுதான் மிச்சத்தைப் பேசலாம்.

மிச்சம் என்ன? லிண்டா எய்க்கன் என்ற தாதியியல் பேராசிரியரும் குழுவினரும் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில், 300 வைத்தியசாலைகளில், நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சை நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். ஒரு தாதி கவனிக்கும் நோயாளிகளின் எண்ணிக்கை ஒன்றால் கூடும்போது, முப்பது நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதத்தால் கூடுகிறது என்பது 2014இல் அவர்கள் வெளியிட்ட முடிவு. நாலு பேரைப் பார்க்க வேண்டிய தாதி எட்டுப் பேரைப் பார்த்தால் என்னவாகும் என்று வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். இந்த மரணங்கள் வேலைநிறுத்தமில்லாத சாதாரண நாட்களில், ஒவ்வொரு நாளும் நடக்கின்றன. வாசலில் அட்டை பிடித்து நிற்க யாருமில்லாததால் நமக்குக் கோபம் வருவதில்லை.

ஆகவேதான் தாதியர் போராட்டத்தில் சம்பளத்தையும் வேலை நிலைமையையும் பிரித்துப் பார்க்க முடியாதென்று நினைக்கிறேன். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் தாதியர் சங்கம் 1984இல் தன் யாப்பிலிருந்த வேலைநிறுத்தத் தடையை நீக்கியது. 1986 ஒக்டோபர் இறுதியிலிருந்து டிசம்பர் 20 வரை 50 நாட்கள் அங்கே வேலைநிறுத்தம் நடந்தது. அன்று அவர்களை ஏசாத பத்திரிகை இல்லை. அதே சங்கம் 2000ஆம் ஆண்டில் ஒரு தாதிக்கு இத்தனை நோயாளிகள்தான் என்ற விகிதத்தைப் பொது வைத்தியசாலைகளுக்குப் பெற்றுக்கொடுத்தது. பெரிய வைத்தியசாலையின் பகல் நேர வார்ட்டில் நாலு நோயாளிக்கு ஒரு தாதி. 2015இல் அது சட்டமாகவும் ஆனது. அந்த விகிதத்தால் பயன்பெற்றவர்கள் தாதியர் மட்டுமல்லர்.

நமது நாட்டில் இந்தப் பேரம் ஒருநாளும் பேசப்படவேயில்லை. 1979இன் 61ஆம் இலக்க அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டம் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் அதிகாரத்தை அரசாங்கத்துக்குக் கொடுத்தது. பதிலுக்கு ஊழியருக்கு என்ன ஏற்பாடு என்பதைப் பற்றி அதற்கு அக்கறையில்லை. அடுத்த ஆண்டே 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு ஜூலை வேலைநிறுத்தம். அதற்கு முந்திய மாதம் 5ஆம் திகதி ஆர்ப்பாட்டத்தில் சோமபால என்ற தொழிலாளி கொல்லப்பட்டிருந்தார். ஜே.ஆர். அரசாங்கம் சுமார் 40,000 பேரை வேலையை விட்டுச் சென்றவர்களாகக் கருதி வீட்டுக்கு அனுப்பியது. வாப்பாவின் கூட்டாளி ஒருவர் அவர்களில் ஒருவர். இலிகிதராக இருந்தவர் பிறகு சந்தையில் தேங்காய் விற்றார். சிறுவனாக நான் அவரிடம் தேங்காய் வாங்கியிருக்கிறேன். அவர் கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்று வாப்பா சொல்வார்.

2022 பெப்ரவரி 7இல் தாதியரும் துணை வைத்திய சேவையினருமாக 18 தொழிற்சங்கங்கள் பதவியுயர்வு, கொடுப்பனவு முதலான கோரிக்கைகளை வைத்துப் பணிப்பகிஷ்கரிப்பைத் தொடங்கின. கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெறப்பட்டது. சுகாதார சேவையை அத்தியாவசிய சேவையாக்கி வர்த்தமானி வந்தது. ஏறக்குறைய பத்து நாட்களில் எல்லாம் அடங்கியது. இரண்டு மாதங்களில் நாடே பொருளாதாரத்தில் வீழ்ந்தது. ரூபாவின் பெறுமதி பாதியாகியது. அப்போது யாரும் தாதியரைப் பற்றிப் பேசவில்லை. அவர்கள் ஆங்கிலப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். 1974இல் லண்டனில் ஒரு சங்கம் மிரட்டலாகச் சொன்னதை நம் பிள்ளைகள் சத்தமில்லாமல் செய்தே காட்டினார்கள். சட்டத்தால் நிறுத்த முடியாத வேலைநிறுத்தம் இது. இதற்கு வர்த்தமானியும் இல்லை, தடையுத்தரவும் இல்லை. முடிவுத் திகதியும் இல்லை. 2024இல் வைத்தியர்களுக்கு அனுமதிக்கப்பட்ட 35,000 ரூபா கொடுப்பனவைத் தமக்கும் கேட்டு 72 சுகாதாரத் தொழிற்சங்கங்கள் வேலையை நிறுத்தியபோது, பெப்ரவரி முதலாம் திகதி வைத்தியசாலைகளுக்கு இராணுவம் அனுப்பப்பட்டது. படைவீரர் தள்ளுவண்டி தள்ளுவார்கள். ஊசி போடுவதும் புண் கழுவுவதும் யார்?

என் அபிப்பிராயத்தைக் கேட்டால் இவ்வாறு சொல்வேன். தாதியர் வேலைநிறுத்தம் செய்யலாம். ஆனால் எதை விட்டுவைப்பது என்பதை வேலைநிறுத்தத்துக்கு முந்திய நாள் சங்கமும் நிர்வாகமும் எழுத்தில் வைக்க வேண்டும். "அவசரம்" என்ற ஒரு சொல்லை வாசலில் நிற்கும் ஊழியரின் ஊகத்துக்கு விட்டுவிடக் கூடாது. சீனி வருத்தக்காரரின் புண் பழைய புண்ணாக இருக்கலாம், அது காத்திருக்காது. இல்லை, வேலைநிறுத்தமே கூடாதென்று அரசாங்கம் சொல்லுமானால், தன்னையும் கட்டுப்படுத்துகிற ஒரு நடுத்தீர்ப்பை அது ஏற்க வேண்டும். பரிந்துரை போதாது. நாற்பதாண்டு காலப் பிரித்தானிய மீளாய்வுச் சபையின் கதை அதைத்தான் காட்டுகிறது. இரண்டும் இல்லாமல் சேவை மனப்பான்மையைப் பற்றி மட்டும் பேச இனி எனக்கு வாய் வராது. தாதியர் தினப் பேச்சையும் மாற்றி எழுதிக் கொடுத்தேன். அதிபருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

உம்மாவின் சிறுவிரலை அவ்வாண்டு ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். பெப்ரவரியில் அந்தப் பத்து நாட்கள் மருந்து கட்டியிருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். பகிஷ்கரிப்பு நடந்த நாட்களில் ஒரு மாலை அந்த மாணவி எங்கள் வீட்டுக்கு வந்து உம்மாவின் காலைக் கழுவிக் கட்டிவிட்டுப் போனதை அவரிடம் சொல்லவில்லை. தேநீரும் குடிக்காமல் போனாள். மறுநாள் காலை மறுபடியும் வாசலில் அட்டையோடு நின்றாள்.

2023 ஏப்ரல் 30ஆம் திகதி அவள் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். இங்கிலாந்தில் அவள் வேலை செய்த வைத்தியசாலையின் வாசல். அட்டைகளோடு தாதியர். அரசாங்கம் முன்வைத்த 5 சதவீத உயர்வை, வாக்களித்த றோயல் கல்லூரி உறுப்பினர்களில் 54 சதவீதத்தினர் நிராகரித்திருந்தார்கள். இம்முறை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக்கூடப் பொதுவான விலக்கு அறிவிக்கப்படவில்லை. ஆறு மாத வாக்கு ஆணை முடிந்துவிட்டதென்று நீதிமன்றம் சொன்னதால் அது மறுநாளோடு நின்றது. "நான் நிக்கல்ல சேர், வந்து கொஞ்ச நாள்தானே, பயமா இருக்கு" என்று குரற்பதிவும் அனுப்பியிருந்தாள்.

மே மாதம் மீண்டும் தபால்மூல வாக்கெடுப்பு. ஜூன் 27ஆம் திகதி முடிவு வந்தது. வாக்களித்தோரில் 84 சதவீதத்தினர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு. ஆனால் வாக்களித்தோரே 43 சதவீதந்தான். அன்றைய சட்டப்படி 50 வேண்டியிருந்தது. அத்தோடு அந்தப் போராட்டம் முடிந்தது. அவளுக்கு வாக்குச்சீட்டு வந்ததா என்று கேட்டேன்.

"வந்திச்சி சேர். புள்ளடி போட்டு மேசையில வெச்சிருந்தன். ஒரு கிழமையா நைட். போஸ்ட் பண்ண மறந்து தூங்கிட்டன்."

உம்மா பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ள நல்லாத் தூங்குதாமா?" என்று மட்டும் விசாரித்தார்.